பயோமெடிக்கல் டிசைன் படிக்கணுமா? 'ரிசல்ட் வரட்டும்'னு காத்திருந்தா பாதி வழி மூடிடும்!

ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கும் வீடுகளில் மார்ச் மாதம் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "முதல்ல ரிசல்ட் வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

பி.இ. கவுன்சிலிங் மட்டும்தான் குறி என்றால் இந்தப் பேச்சில் பெரிய தப்பில்லை. ஆனால் செயற்கைக் கால், சக்கர நாற்காலி, சர்க்கரை நோயாளிக்கான காலணி, ஐ.சி.யூ. கருவி என உடம்போடு சம்பந்தப்பட்ட பொருட்களை வடிவமைக்கும் படிப்பில் சேர நினைக்கும் மாணவருக்கு இது சிக்கல். காரணம், இந்தத் துறைக்குள் போக ஐந்து வழிகள் இருக்கின்றன. அதில் ஒன்று, பொதுத்தேர்வுக்கு முன்பே மூடிவிடும். இன்னும் சில, ரிசல்ட் வரும் நேரத்தில் மூடும் கட்டத்தில் இருக்கும்.

திருப்பத்தூர், ஆம்பூர், வாணியம்பாடி பகுதி மாணவர்கள் எப்போது, எங்கே விண்ணப்பிக்க வேண்டும்? எந்த குரூப் படித்திருக்க வேண்டும்? என்னென்ன சான்றிதழ் தேவை? பார்க்கலாம்.

*பயோமெடிக்கல் டிசைன் என்றால் என்ன?*

மருத்துவரும் நோயாளியும் பயன்படுத்தும் கருவிகளை உருவாக்கும் வேலைதான் இது. இசிஜி மெஷின், வென்டிலேட்டர், எலும்பில் பொருத்தும் இம்ப்ளான்ட், செயற்கைக் கை, கால் எல்லாம் இதில் அடக்கம்.

நம் ஊரில் இளநிலைப் படிப்பு பெரும்பாலும் 'பயோமெடிக்கல் டிசைன்' என்ற பெயரில் இருக்காது. பி.இ. பயோமெடிக்கல் இன்ஜினியரிங் என்றுதான் தேட வேண்டும். உடற்கூறியல், எலெக்ட்ரானிக்ஸ், சிக்னல் பிராசசிங், பயோமெக்கானிக்ஸ், மெடிக்கல் இமேஜிங் போன்றவை இதில் பாடங்களாக வரும். 'மெடிக்கல் எலெக்ட்ரானிக்ஸ்' என்று தனியாக ஒரு பிரிவும் உண்டு. 'பயோடெக்னாலஜி' முற்றிலும் வேறு படிப்பு. விருப்பப் பட்டியல் போடும்போது இந்த மூன்று பெயரையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இன்னொரு சந்தேகமும் பலருக்கு இருக்கிறது. பி.இ. பயோமெடிக்கலுக்கு நீட் தேவையில்லை. படித்து முடித்தவர் டாக்டர் ஆக மாட்டார், இன்ஜினியர் ஆவார்.

*தோல் தொழில் ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?*

நிறையவே இருக்கிறது. 2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்து உருவானது திருப்பத்தூர் மாவட்டம். ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களின் வீடுகளில் அப்பர், சோல், இன்சோல், லாஸ்ட் என்பதெல்லாம் தினசரி வார்த்தைகள். காலின் அளவுக்கு அச்சு செய்வது, எந்த இடத்தில் தோல் உரசும், எங்கே அழுத்தம் கூடும் என்று பார்ப்பது இங்கே கைப்பழக்கத்தில் வரும் அறிவு. இதே அறிவுதான் மருத்துவக் காலணிக்கும் அடிப்படை.

இதற்கு வேலூரிலேயே வரலாறு இருக்கிறது. 1946-ல் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தவர் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் கால் புண்ணுக்கு முக்கியக் காரணம், வலி தெரியாததால் திரும்பத் திரும்ப அதே இடத்தில் விழும் அழுத்தமும் காயமும்தான் என்பதை அவரும் உடன் பணியாற்றியவர்களும் எடுத்துக்காட்டினார்கள். உணர்ச்சி இல்லாத பாதத்தைப் பாதுகாக்க எம்.சி.ஆர். எனப்படும் மென்மையான ரப்பர் வைத்த செருப்புகள் பயன்பாட்டுக்கு வந்தன. 1955-ல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி மையத்துக்கும் இந்தப் பணியில் பெரிய பங்கு உண்டு.

விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே மருத்துவம் பார்த்தவர் சி.எம்.சி. டாக்டர் மேரி வர்கீஸ். அவருடைய முயற்சியில் 1966-ல் அங்கே மறுவாழ்வு சிகிச்சை மையம் திறக்கப்பட்டது.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் இதே மாதிரி காலணிதான் தேவைப்படுகிறது. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமான சி.எல்.ஆர்.ஐ. இந்த வகைக் காலணிகளில் ஆய்வு செய்திருக்கிறது. ஆக, ஷூ கம்பெனித் தொழிலாளியின் பிள்ளைக்கு இது அந்நியமான துறை கிடையாது. விண்ணப்பிக்கும் வழி தெரியாததுதான் பிரச்னை.

*ஐந்து வழிகள் என்னென்ன?*

*வழி 1: டி.என்.இ.ஏ. கவுன்சிலிங்*

தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைதான் பெரும்பாலான மாணவர்களுக்கான வழி. வழக்கமாக மே முதல் வாரத்தில் ஆன்லைன் பதிவு தொடங்கி, ஜூன் முதல் வாரம் வரை நடக்கும். நுழைவுத்தேர்வு கிடையாது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என மொத்தம் 200-க்கு கட்-ஆஃப் கணக்கிடப்படும். உயிரியல் மார்க் கட்-ஆஃபில் சேராது.

சென்னை கிண்டி பொறியியல் கல்லூரி, கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, சென்னை அருகே உள்ள எஸ்.எஸ்.என். எனப் பல கல்லூரிகளில் பயோமெடிக்கல் பிரிவு இருக்கிறது. வி.ஐ.டி., எஸ்.ஆர்.எம். போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கவுன்சிலிங்கில் வராது. அவை தனித்தனியாக நுழைவுத்தேர்வு நடத்துகின்றன. அதற்கான விண்ணப்பமும் தேதியும் வேறு.

*வழி 2: சென்னை ஐ.ஐ.டி.யின் பி.எஸ். படிப்பு*

2023-ல் சென்னை ஐ.ஐ.டி. மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்பத்துக்குத் தனித் துறை தொடங்கி, நான்கு ஆண்டு பி.எஸ். படிப்பை அறிமுகம் செய்தது. இதற்கு ஜே.இ.இ. மதிப்பெண் கேட்கப்படுவதில்லை. ஐசர் நிறுவனங்கள் நடத்தும் ஐ.ஏ.டி. தேர்வு எழுத வேண்டும். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலும் தலா 15 கேள்விகள் வரும். விண்ணப்பம் மார்ச், ஏப்ரல் வாக்கில் நடக்கும். அதாவது பொதுத்தேர்வு நேரத்திலேயே.

சென்னை ஐ.ஐ.டி.யில் மறுவாழ்வுக் கருவிகளுக்கென்றே ஓர் ஆய்வு மையம் இயங்குகிறது. நிற்கவும் உதவும் 'அரைஸ்' சக்கர நாற்காலி 2019-லும், முழங்காலுக்கு மேல் கால் இழந்தவர்களுக்கான 'கதம்' செயற்கை முழங்கால் 2022-லும் அங்கிருந்துதான் வெளிவந்தன.

*வழி 3: செயற்கை உறுப்புப் படிப்பு, பி.பி.ஓ.*

செயற்கைக் கை, கால், காலிபர் போன்றவற்றை அளவெடுத்துச் செய்து பொருத்தும் படிப்பு இது. பெயர் பேச்சிலர் ஆஃப் ப்ராஸ்தெடிக்ஸ் அண்ட் ஆர்தோடிக்ஸ். இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரிக்கும் இந்தப் படிப்பு நான்கரை ஆண்டுகள், பயிற்சிக் காலமும் சேர்த்து. சென்னை முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசு நிறுவனமான நிப்மெட் உள்ளிட்டவற்றுக்கு, கட்டாக்கில் உள்ள தேசிய நிறுவனம் பொது நுழைவுத்தேர்வு நடத்துகிறது. விண்ணப்பம் கோடை மாதங்களிலேயே முடிந்துவிடும். தனியார் மருத்துவக் கல்லூரிகளின் துணை மருத்துவப் படிப்புகளுக்கு அந்தந்தக் கல்லூரியின் விண்ணப்பக் கையேட்டைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

*வழி 4: காலணி வடிவமைப்பு*

மத்திய அரசின் எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்துக்கு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் வளாகம் இருக்கிறது. இங்கே நான்கு ஆண்டு பி.டெஸ். காலணி வடிவமைப்புப் படிப்பு உண்டு. ஏ.ஐ.எஸ்.டி. என்ற அகில இந்தியத் தேர்வு எழுத வேண்டும். எந்த குரூப் எடுத்தவரும் எழுதலாம். வழக்கமாக ஏப்ரல் வாக்கில் விண்ணப்பம் முடியும். மருத்துவக் காலணி பக்கம் போக நினைப்பவருக்கு இது நேரான வழி.

*வழி 5: என்.ஐ.டி., யூசீட்*

இங்கே என்.ஐ.டி. என்பது தேசிய வடிவமைப்பு நிறுவனம். திருச்சியில் இருக்கும் பொறியியல் கல்லூரியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஐ.ஐ.டி.க்களின் பி.டெஸ். படிப்புக்கு யூசீட் தேர்வு. இவற்றில் மருத்துவக் கருவி என்பது ப்ராடக்ட் டிசைனின் ஒரு பகுதியாக வரும். எந்த குரூப் மாணவரும் எழுதலாம். இரண்டுக்கும் விண்ணப்பம் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே முடிந்துவிடும். யூசீட் தேர்வு ஜனவரியில். ரிசல்ட்டுக்குப் பிறகு தேடினால் ஒரு வருஷம் போச்சு.

*எந்த குரூப் படித்தவருக்கு எது?*

கணிதம், உயிரியல் இரண்டும் சேர்ந்த குரூப் என்றால் ஐந்து வழியிலும் முயற்சி செய்யலாம்.

கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் என்றால் பி.இ. பயோமெடிக்கலுக்கு எந்தத் தடையும் இல்லை. உயிரியல் படிக்கவில்லையே என்று பயப்பட வேண்டாம், முதலாண்டுகளில் அடிப்படையிலிருந்து சொல்லித் தருவார்கள்.

கணிதம் இல்லாத ப்யூர் சயின்ஸ் குரூப் என்றால் பி.இ. கிடைக்காது. இதைத் தெரியாமல் கடைசி நேரத்தில் ஏமாறுபவர்கள் உண்டு. ஆனால் பி.பி.ஓ. இருக்கிறது. டிசைன் படிப்புகளும் இருக்கின்றன.

காமர்ஸ், ஆர்ட்ஸ் குரூப் மாணவர்களுக்கு நான்காவது, ஐந்தாவது வழிகள் திறந்திருக்கின்றன.

*சான்றிதழில் எங்கே சறுக்கும்?*

*சாதிச் சான்றிதழ்:* டி.என்.இ.ஏ.வுக்கு தமிழ்நாடு அரசின் சாதிச் சான்றிதழ் போதும். பி.சி. முஸ்லிம் பிரிவுக்கான 3.5 சதவீத உள்ஒதுக்கீடும் இதில்தான் வரும். ஆனால் ஐ.ஐ.டி., எஃப்.டி.டி.ஐ., என்.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களில் பி.சி., எம்.பி.சி. என்ற பிரிவு இல்லை. அங்கே ஓ.பி.சி. நான்-க்ரீமிலேயர் சான்றிதழை மத்திய அரசு படிவத்தில் கேட்பார்கள். அதுவும் நடப்பு நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்த அன்றே கையில் கிடைக்காது. அதனால் முன்கூட்டியே போட்டு வைப்பது நல்லது.

*முதல் பட்டதாரி சான்றிதழ்:* குடும்பத்தில் யாருமே பட்டம் பெறாதிருந்தால், கவுன்சிலிங் வழியாகச் சேரும் மாணவருக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டதாரி என்றால் தம்பி, தங்கைக்குக் கிடைக்காது.

*7.5 சதவீத ஒதுக்கீடு:* ஆறாம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ல் கொண்டுவரப்பட்ட சட்டம் இது. இதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. ஆம்பூர், வாணியம்பாடியில் உதவி பெறும் பள்ளிகள் இருப்பதால், இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஃபீஸ் இல்லாமல் படித்ததால் 'எங்க ஸ்கூலும் கவர்ன்மென்ட்தான்' என்று நினைத்துக்கொண்டு இந்தச் சலுகையை நம்பி பட்ஜெட் போடக் கூடாது. பள்ளியிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் உதவி வேறு. இவை அரசுப் பள்ளி மாணவர்களோடு, உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு.

*பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை*

பிரவுசிங் சென்டரில் பதிவு செய்தாலும், செல்போன் நம்பரும் இ-மெயிலும் மாணவருடையதாகவோ பெற்றோருடையதாகவோ இருக்கட்டும். ஓ.டி.பி. முதல் ஒதுக்கீட்டு ஆணை வரை எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும். கடைக்காரர் நம்பரைக் கொடுத்துவிட்டு அப்புறம் அலைந்து பயனில்லை. டி.என்.இ.ஏ.வுக்கு மாவட்டந்தோறும் அரசு உதவி மையங்களும் இருக்கின்றன, அங்கும் பதிவு செய்யலாம்.

விருப்பப் பட்டியலில் நாலைந்து கல்லூரிகளோடு நிறுத்த வேண்டாம். உண்மையான விருப்ப வரிசையில் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறித்த நாளுக்குள் உறுதி செய்யாவிட்டால் இடம் கைவிட்டுப் போகும்.

*கல்லூரியை எப்படித் தேர்வு செய்வது?*

பெயரில் 'பயோமெடிக்கல்' இருந்தால் மட்டும் போதாது. நான்கு விஷயங்களைக் கேளுங்கள். அந்தப் பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா? மருத்துவமனையில் பயிற்சிக்கு ஒப்பந்தம் உண்டா? லேபில் உண்மையான மருத்துவக் கருவிகள் இருக்கின்றனவா? கடைசி பேட்ச்சில் எத்தனை பேர் மருத்துவக் கருவி சார்ந்த வேலைக்குப் போனார்கள், எத்தனை பேர் ஐ.டி. வேலைக்குப் போனார்கள்? கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது, அதையும் பார்க்கலாம்.

வேலை என்று பார்த்தால் மருத்துவமனைகளில் கருவிப் பராமரிப்பு, கருவி தயாரிக்கும் நிறுவனங்களில் டிசைன், டெஸ்டிங், சர்வீஸ் ஆகியவை முக்கியமானவை. மேற்படிப்புக்கு வேலூரே இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி., சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனம் மூன்றும் இணைந்து கிளினிக்கல் இன்ஜினியரிங்கில் எம்.டெக். நடத்துகின்றன.

*இப்போது என்ன செய்யணும்?*

ப்ளஸ் டூவில் அடியெடுத்து வைக்கும் மாணவர் என்றால், அக்டோபரில் யூசீட், என்.ஐ.டி. அறிவிப்புகளைப் பாருங்கள். ஜனவரி முதல் எஃப்.டி.டி.ஐ., மார்ச்சில் ஐ.ஏ.டி., ஏப்ரலில் பி.பி.ஓ. நுழைவுத்தேர்வு, மே மாதம் டி.என்.இ.ஏ. தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு சில வாரங்கள் முன்னே பின்னே போகும் என்பதால், அந்தந்த நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் சரிபார்ப்பது அவசியம்.

எல்லாத் தேர்வுக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. குரூப்புக்கும் வீட்டு நிலைமைக்கும் பொருந்துகிற இரண்டு வழிகளைத் தேர்வு செய்து, அதன் கடைசித் தேதியை வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தாலே போதும். ரிசல்ட் வரும் நாளில் கையில் மார்க்கோடு இன்னொரு வாய்ப்பும் இருக்கும்.