ஹார்வர்டுக்குக் கட்-ஆஃப் எவ்வளவு?

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்புக்குள் நுழையும் பிள்ளை இருக்கிற வீட்டில் ஆகஸ்ட் மாதத்திலிருந்து ஒரே பேச்சுதான். எஸ்.ஏ.டி. தேர்வில் 1600க்கு 1540, பள்ளி மதிப்பெண் சராசரியான ஜி.பி.ஏ. கிட்டத்தட்ட முழுசு, கல்லூரித் தரத்திலான ஏ.பி. பாடங்கள் பத்து, ரோபோட்டிக்ஸ் குழுவில் தலைமை, அரங்கேற்றமும் முடிந்தது. ஹார்வர்ட் கிடைக்குமா, ஸ்டான்ஃபோர்ட் கிடைக்குமா? சென்னையிலிருந்து போனில் பேசும் தாத்தா இதையே தனக்குத் தெரிந்த கணக்கில் கேட்பார்: "அங்க கட்-ஆஃப் எவ்வளவுப்பா?"

தாத்தா கேட்பதில் தப்பில்லை. தமிழகப் பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50, ஆக மொத்தம் 200. போன வருடம் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எத்தனையில் நின்றது என்று பட்டியல் இருக்கிறது. பிள்ளையின் மதிப்பெண்ணை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முக்கால்வாசி பதில் கிடைத்துவிடும். அமெரிக்காவின் பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களில் அப்படி ஒரு கோடே கிடையாது. அதனால்தான் ஜி.பி.ஏ.வையும் எஸ்.ஏ.டி.யையும் வாங்கிக்கொண்டு "உங்கள் வாய்ப்பு 23%" என்று சொல்லும் இணையக் கணிப்பான்களை நான் நம்புவதில்லை. அந்த 23% எதை எதால் வகுத்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது.

உள்ளே என்னதான் நடக்கிறது என்பது ஓரளவுக்கு வெளியே தெரிந்தது ஒரு வழக்கால். ஆசிய அமெரிக்க மாணவர்களுக்கு அநீதி நடக்கிறது என்று 2014இல் ஹார்வர்டின் மீது வழக்குப் போட்டார்கள். 2018இல் பாஸ்டனில் விசாரணை நடந்தது. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, சேர்க்கையில் இனத்தை ஓர் அம்சமாகக் கணக்கில் எடுக்கும் வழக்கம் சட்டப்படி முடிவுக்கு வந்தது. தீர்ப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். விசாரணையில் வெளிவந்த ஆவணங்கள்தான் நமக்குப் பாடம்.

2019இல் பட்டம் பெற வேண்டிய அணிக்கு ஹார்வர்டில் சுமார் 1,600 இடங்கள். உள்நாட்டிலிருந்து மட்டும் ஏறத்தாழ 26,000 பேர் விண்ணப்பித்தார்கள். அதில் எஸ்.ஏ.டி. கணிதத்தில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் 3,500 பேர். மொழிப் பகுதியில் முழு மதிப்பெண் 2,700 பேர். முழு ஜி.பி.ஏ. வைத்திருந்தவர்கள் 8,000க்கும் மேல். மதிப்பெண் பார்த்து மட்டுமே இடம் கொடுப்பதென்றால் முழு ஜி.பி.ஏ. காரர்களுக்கே ஐந்து ஹார்வர்ட் வேண்டும். எனவே மதிப்பெண் அங்கே கதவைத் தட்டும் தகுதியைத்தான் தருகிறது. 1540க்கும் 1580க்கும் உள்ள இடைவெளியைக் குறைக்க ஒரு கோடை விடுமுறை முழுவதையும் பயிற்சி வகுப்பில் கழிப்பது, என் கணக்கில், பெரும்பாலும் வீண்.

அதற்குப் பிறகு என்ன பார்க்கிறார்கள்? படிப்பு, பாடத்துக்கு வெளியே செய்தது, விளையாட்டு, ஆளுமை என்று நான்கு தலைப்புகளில் 1 முதல் 6 வரை தரம் போடுகிறார்கள்; 1தான் உயர்ந்தது. ஆசிரியரும் பள்ளி ஆலோசகரும் தரும் கடிதங்கள் தனி. இவற்றில் பல, வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடும் பெற்றோர் கண்ணில் படவே படாதவை. கடிதத்தில் ஆசிரியர் என்ன எழுதினார் என்று பிள்ளைக்கே தெரியாது. ஆளுமைக்கு யாரோ ஒருவர் 3 போட்டாரா 2 போட்டாரா என்பதும் தெரியாது.

இன்னொன்றும் அந்த வழக்கில் தெளிவானது. பயிற்சியாளர்கள் தேர்ந்தெடுத்த விளையாட்டு வீரர்கள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள், நன்கொடையாளர் போன்றோர் காரணமாகத் தனிப்பட்டியலில் வைக்கப்பட்டவர்கள், பேராசிரியர், ஊழியர் பிள்ளைகள் ஆகிய நான்கு வகையினர் விண்ணப்பித்தவர்களில் 5%கூட இல்லை. இடம் கிடைத்தவர்களில் அவர்கள் சுமார் 30%. 2019 அணிக்கு வெளிநாட்டவரையும் சேர்த்து மொத்தம் 37,000 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள்; சிலர் சேரமாட்டார்கள் என்று கணக்கிட்டு ஏறத்தாழ 2,000 பேருக்கு இடம் தந்தார்கள். தினசரிகள் 5.3% என்று போடும் எண் இதிலிருந்து வருவது. அந்த 2,000இல் 600ஐக் கழித்துவிட்டு, மிச்சமுள்ள 1,400ஐ மிச்சமுள்ள 35,000 பேருக்குப் பங்கிட்டுப் பாருங்கள். 4%தான் வரும். பிட்ஸ்பர்க்கிலோ ஃப்ரீமாண்டிலோ இருக்கும் ஒரு மென்பொருள் ஊழியரின் மகளுக்கு அந்த 4%தான் தொடக்கப் புள்ளி, 5.3% அல்ல. எல்லா இடமும் இப்படி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும்: எம்.ஐ.டி., கால்டெக் போன்றவை முன்னாள் மாணவரின் பிள்ளை என்பதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

தாத்தா கேட்ட கட்-ஆஃப் அமெரிக்காவிலும் சில இடங்களில் உண்டு. டெக்சாஸ் மாநிலம் 1997இல் ஒரு சட்டம் போட்டது. பள்ளி வகுப்பில் முதல் 10%க்குள் வரும் டெக்சாஸ் மாணவருக்கு மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் கூட்டம் தாங்காமல் அந்த வரம்பு 6% ஆகி, 2026இல் சேர்பவர்களுக்கு 5% ஆகிவிட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டெக்சாஸின் பிளேனோ நகரில் போட்டி மிகுந்த பள்ளி ஒன்றில் எட்டாவது சதவீதத்தில் நிற்கும் பிள்ளை, வேறொரு சிறிய ஊர்ப் பள்ளியில் படித்திருந்தால் முதல் ரேங்க் வாங்கியிருக்கலாம். ஆஸ்டினில் அவளுக்கு உறுதி எதுவும் கிடையாது. மிச்ச இடங்களுக்கு மற்றவர்களோடு போட்டியிட வேண்டும். நல்ல பள்ளி என்று தேடிப்பிடித்து வீடு வாங்கிய நம்மவர்கள் பலர் இதைப் பதினோராம் வகுப்பில்தான் கவனிக்கிறார்கள். உறுதி கிடைத்தவருக்கும் அது பல்கலைக்கழகத்தில் நுழையத்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவுக்கு அல்ல.

இந்தக் கடைசி விஷயம் எங்கும் பொருந்தும். ஒரு பல்கலைக்கழகம் விண்ணப்பித்தவர்களில் பாதிப்பேரை எடுக்கிறது என்று படித்துவிட்டு நிம்மதியாக இருக்கக்கூடாது. இல்லினாய், வாஷிங்டன் போன்ற பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு நுழைவது மற்றப் பிரிவுகளைவிடப் பல மடங்கு கடினம். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகமோ எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டது. 1600 வாங்கியிருந்தாலும் பெர்க்லியின் சேர்க்கையில் அதற்கு மதிப்பில்லை.

சரி, எதை வைத்துத்தான் எடைபோடுவது? பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் 'காமன் டேட்டா செட்' என்ற ஓர் ஆவணத்தை வெளியிடுகின்றன. கல்லூரியின் பெயரோடு அந்தச் சொல்லைச் சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அதில் சி-7 என்ற பகுதியில் பாடங்களின் கடினம், ரேங்க், கட்டுரை, கடிதம், முன்னாள் மாணவர் உறவு, கல்லூரியின் மீது மாணவர் காட்டும் ஆர்வம் ஆகிய ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம் என்று கல்லூரியே குறித்திருக்கும். சி-9இல் சேர்ந்தவர்களின் எஸ்.ஏ.டி. வரம்பு. ஹார்வர்டுக்கு அது சுமார் 1500 முதல் 1580 வரை. கீழ் எண்ணுக்குக் கீழே கால்வாசிப் பேர், மேல் எண்ணுக்கு மேலே கால்வாசிப் பேர் என்று அர்த்தம். இங்கே ஒரு சிக்கல் உண்டு. கீழ்க் கால்வாசியில் விளையாட்டு வீரர்கள் போன்றோர் கணிசமாக இருப்பார்கள். அப்படி எந்தப் பிடிமானமும் இல்லாத பிள்ளை, வரம்பின் மேல் பாதியில் இருந்தால்தான் தன்னைச் சராசரி என்று சொல்லிக்கொள்ளலாம். எஸ்.ஏ.டி. கட்டாயமில்லாத கல்லூரிகளில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் மட்டுமே அனுப்புவதால் அந்த எண்கள் கொஞ்சம் உப்பித்தான் தெரியும்.

இதைவிட நல்ல தகவல் பிள்ளையின் பள்ளியிலேயே இருக்கும். பல பள்ளிகள் நாவியன்ஸ் போன்ற மென்பொருளில், அதே பள்ளியிலிருந்து முந்தைய ஆண்டுகளில் எந்த மதிப்பெண்காரருக்கு எந்தக் கல்லூரி கிடைத்தது என்று புள்ளி வைத்த படமாகக் காட்டுகின்றன. கல்லூரியில் விண்ணப்பத்தைப் படிப்பவரும் அந்தப் பள்ளியின் பின்னணியில் வைத்துத்தான் படிக்கிறார் என்பதால் இந்தப் படத்துக்கு மதிப்பு அதிகம். இடம் கிடைத்தவர்களைக் காட்டும் பச்சைப் புள்ளிகளில் எது நீச்சல் வீரருடையது என்று மட்டும் படம் சொல்லாது.

நவம்பர் தொடக்கத்திலேயே விண்ணப்பித்து, கிடைத்தால் கட்டாயம் சேர்வேன் என்று வாக்குக் கொடுக்கும் ஏர்லி டிசிஷன் முறையைப் பற்றியும் ஆசைவார்த்தைகள் நிறைய. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் தன் இடங்களில் ஏறத்தாழ பாதியை அப்படித்தான் நிரப்புகிறது. சதவீதத்தைப் பார்த்தால் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு போலத் தோன்றும். ஆனால் பயிற்சியாளர்கள் முன்கூட்டியே தேர்ந்தெடுத்த வீரர்களும் அந்தச் சுற்றில்தான் வருகிறார்கள். லாபம் உண்டு, தோன்றுமளவு இல்லை. உதவித்தொகைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய குடும்பத்துக்கு அந்த வாக்கு ஆபத்தும்கூட.

அடுத்தது, நிறைய இடத்தில் போட்டு வைப்போம் என்ற கணக்கு. தலா 5% வாய்ப்புள்ள பத்துக் கல்லூரிகள்; ஒன்றாவது கிடைக்க 40% என்று கணிதம் சொல்லும். பத்தும் ஒன்றையொன்று சாராத குலுக்கல்களாக இருந்தால்தான் அது சரி. பத்து இடத்துக்கும் போவது ஒரே பிள்ளையின் ஒரே கடிதங்கள், ஒரே 650 வார்த்தைக் கட்டுரை. கட்டுரை சப்பென்று இருந்தால் பத்து இடத்திலும் சப்பென்றுதான் இருக்கும். அதே சமயம் முழுக்கச் சார்ந்தவையும் அல்ல. யேல் மறுத்த பிள்ளையைப் பிரின்ஸ்டன் எடுத்துக்கொள்வது ஆண்டுதோறும் நடக்கிறது. 5%க்கும் 40%க்கும் நடுவில் எங்கோ உண்மை இருக்கிறது. எங்கே என்று சொல்பவர் உங்களிடம் ஏதோ விற்க வந்தவர்.

தமிழ்நாட்டிலிருந்தே நேராக விண்ணப்பிக்கும் மாணவருக்குக் கணக்கு இன்னும் வேறு. எம்.ஐ.டி. தன் வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதை வெளிப்படையாகவே சொல்கிறது. வெளிநாட்டு மாணவரின் பணவசதியைப் பார்க்காமல் முடிவெடுக்கும் கல்லூரிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடன், இன்னும் சில. மற்ற இடங்களில் உதவித்தொகை வேண்டும் என்று கட்டத்தில் குறித்தவுடனேயே போட்டி கடுமையாகிறது. ஆண்டுக்கு 90,000 டாலர் தாண்டிய தனியார் கல்லூரிச் செலவை முழுதாகக் கட்டக்கூடியவருக்கும் கட்ட முடியாதவருக்கும் ஒரே சதவீதம் சொல்வது அபத்தம்.

ஆகவே பட்டியலைக் கீழிருந்து கட்டுங்கள் என்பேன். இடம் கிட்டத்தட்ட நிச்சயம், கட்டணம் கையைக் கடிக்காது, பிள்ளை மனமாரப் போகும் என்ற மூன்றும் பொருந்தும் இரண்டு கல்லூரிகளை முதலில் கண்டுபிடியுங்கள். இதுதான் கடினமான வேலை. ஹார்வர்டின் பெயரை எழுத யாருக்கும் ஆராய்ச்சி தேவையில்லை. அமெரிக்காவில் வசிக்கும் குடும்பம் என்றால், ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும் சட்டப்படி இருக்க வேண்டிய நெட் பிரைஸ் கால்குலேட்டரில் வருமானத்தைப் போட்டு உண்மையான கட்டணத்தைப் பாருங்கள். அடுத்து, மதிப்பெண் வரம்பின் நடுவிலோ மேலோ பிள்ளை நிற்கும் நான்கைந்து கல்லூரிகள். 10%க்கும் குறைவாக எடுப்பவை எல்லாம், எத்தனை மதிப்பெண் இருந்தாலும், எட்டாக்கனி வரிசையில். அரிசோனா ஸ்டேட் விண்ணப்பித்தவர்களில் ஏறத்தாழ 90% பேரை எடுக்கிறது என்று முகம் சுளிக்கும் பெற்றோர், அதற்குள்ளேயே பாரெட் என்ற ஹானர்ஸ் கல்லூரி இருப்பதையும், அதற்குத் தனி விண்ணப்பம் போட வேண்டும் என்பதையும் பார்த்து வைப்பது நல்லது.