மேமியோவில் ராணிகள்

1943ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி, சிங்கப்பூர் பாடாங் திடலில் திரண்டிருந்த இந்தியர்கள் முன்னிலையில், ஒரு வாரத்துக்கு முன்புதான் அந்நகரில் வந்து இறங்கியிருந்த சுபாஷ் சந்திர போஸ், ஆண்களுக்கு மட்டுமின்றிப் பெண்களுக்கும் தனியே ஒரு படை வேண்டும் என்றும், ஆங்கிலேயரை எதிர்த்துப் பொருது உயிர்நீத்த ஜான்சி ராணியின் வாளை அவர்கள் ஏந்த வேண்டும் என்றும் பேசியபோது, அதனைப் பிரசங்க அலங்காரம் என்று கருதியவர்கள் அக்கூட்டத்தில் பலர் இருந்திருக்கக்கூடும். ஆனால் மூன்றே நாட்களில், சென்னையில் வைத்தியம் பயின்று சிங்கப்பூரில் ஏழைத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பிரசவம் பார்த்து வந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன், இருபது பெண்களைத் தேடிச் சேர்த்து, கட்டிய புடவையோடு துப்பாக்கி ஏந்தச் செய்து, போஸுக்கு அணிவகுப்பு மரியாதை அளித்துவிட்டார். அக்டோபர் 22ஆம் தேதி வாட்டர்லூ தெருவில் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது.

அம்முகாமுக்கு வந்தவர்கள் யார்? வைர நகைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் செல்வம் நிறைந்த வீட்டைத் துறந்து வந்த கோலாலம்பூர் ஜானகியைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். ஈப்போவிலிருந்து வந்து, பிற்காலத்தில் மலேசியாவில் கல்வித் துறையில் பெயர் பெற்ற ரசம்மாவையும் சிலர் அறிவர். ஆனால் படையின் பெரும்பகுதி இவர்களைப் போன்றவர்களால் ஆனதன்று. விடியுமுன் எழுந்து பால்மரம் சீவப் போய், கங்காணியின் குரலுக்கும் துரையின் தொப்பிக்கும் அஞ்சி லயத்தில் வாழ்ந்த தமிழ்த் தோட்டப் பெண்களே அதில் மிகுதி. ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியபின் தோட்டங்களில் பட்டினி சூழ்ந்தது. சயாம் ரயில் பாதை வேலைக்கென்று கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களில் பல்லாயிரவர் மீளவே இல்லை. அத்தகைய காலத்தில் இரண்டு வேளைச் சோறும் மரியாதையான ஓர் உடுப்பும் கிடைக்கும் இடத்துக்கு ஒரு பெண் வந்தாள் என்றால், அதில் பசிக்கும் ஒரு பங்கு உண்டு என்று சொல்வது அவளுடைய தேசபக்திக்குச் செய்யும் அவமரியாதை ஆகாது. பிறந்தது முதல் தலைகுனிந்தே நின்றவள் நிமிர்ந்து நின்று நடைபயில்வதில் உள்ள ஆனந்தத்தைச் சுதந்திர வேட்கையிலிருந்து பிரித்து நிறுக்க எந்தத் தராசும் இல்லை.

1944இல், ஜான்சி ராணியின் பெயரால் ராணிகள் எனப்பட்ட இப்பெண்களின் படையில் ஒரு பகுதி பர்மாவின் மேமியோ நகரை அடைந்தது. இங்கேதான் நம் மேடைப் பேச்சாளர்கள் சரித்திரத்தைவிட்டு விலகிக் காவியத்துக்குள் புகுந்துவிடுகிறார்கள். ராணிகள் இம்பாலில் எதிரிகளைச் சுட்டு வீழ்த்தினர் என்று முழங்காமல் அவர்கள் பேச்சு முடிவதில்லை. உயிரோடிருந்த ராணிகளை நேரில் கண்டு பேசி 2016இல் நூல் வெளியிட்ட வேரா ஹில்டபிராண்ட் என்னும் ஆய்வாளர், படை என்ற முறையில் அவர்கள் களத்தில் இறக்கப்படவில்லை என்று நிறுவியிருக்கிறார். ஆயிரம் பேர் என்று அந்நாளில் சொல்லப்பட்ட தொகையும் மிகைதான் என்பது அவர் முடிபு. இதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிப்பர். எனக்கோ, அவர்கள் மெய்யாகவே செய்ததை இனியேனும் பேசலாமே என்ற ஆறுதல்தான் உண்டாயிற்று.

ஜப்பானியரோடு சேர்ந்து போஸின் இந்திய தேசிய இராணுவம் நடத்திய இம்பால் படையெடுப்பு முறிந்து, மழையிலும் சேற்றிலும் பின்வாங்கிய வீரர்கள் குண்டுக்காயத்தோடும், அதைக் காட்டிலும் அதிகமாக மலேரியாவோடும் வயிற்றுக்கடுப்போடும் வந்து சேர்ந்தபோது, போதிய மருந்தும் இல்லாத மேமியோ ஆஸ்பத்திரியில், விமானத் தாக்குதலுக்கு இடையில், சீழ் துடைத்து, மலம் அள்ளி, ஜன்னியில் பிதற்றியவர்களின் கையைப் பற்றி இருந்தவர்கள் இப்பெண்களே. துப்பாக்கிப் பயிற்சி பெற்று வந்த தங்களைத் தாதிகளாக்கிவிட்டார்களே என்ற மனத்தாங்கல் சிலருக்கு இருந்தது, அது நியாயமே. எனினும் ஓர் இராணுவம் தோற்றுச் சிதறும் வேளையில் அதனை மனிதர் கூட்டமாக நிலைநிறுத்தும் காரியம் எவ்விதத்தில் போரினும் தாழ்ந்தது?

1945 ஏப்ரல் 24ஆம் தேதி இரவு இரங்கூனைவிட்டுப் புறப்பட்ட போஸின் குழுவில் ராணிகளும் இருந்தனர். அவர்களைப் பத்திரமாக அனுப்பாமல் தாம் போவதில்லை என்று அவர் பிடிவாதம் செய்தார் என்பர். பகலில் விமானங்களுக்கு அஞ்சி மரங்களுக்கிடையே மறைந்தும், இரவில் சிட்டாங் ஆற்றைக் கடந்து மௌல்மீனை நோக்கிக் கால் கொப்புளிக்க நடந்தும், அவர்கள் பேங்காக் சேர்ந்தனர். முன்னதாக ரயிலில் அனுப்பப்பட்ட வேறொரு பிரிவினரைக் கொரில்லாக்கள் தாக்கியதில் ஸ்டெல்லா, ஜோசபின் என்னும் இருவர் உயிரிழந்தனர்.

அவர்களுக்கென்று தனியே கல் ஒன்றும் நாட்டப்படவில்லை. இந்திய தேசிய இராணுவம் முழுமைக்குமாகப் போஸ் அந்த ஜூலையில் சிங்கப்பூர்க் கடற்கரையில் அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தையும், செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் வெடிவைத்துத் தகர்த்தனர். அவ்விடத்தில் இன்றுள்ள குறிப்புப் பலகை 1995இல் வைக்கப்பட்டது. வில்லும் வாளும் செதுக்கி நடுகல் எடுத்த மரபில் வந்த நாம், ஆயுதம் ஓங்கிய கையை மட்டுமே வீரத்தின் உருவாகக் கண்டு பழகிவிட்டோம். பின்வந்த நூல்களும், எழுதப் படிக்கத் தெரிந்த அதிகாரிகளின் ஞாபகத்தையே பெரிதும் சார்ந்து நின்றன. தோட்டத்துக்குத் திரும்பி மறுபடியும் பால்வாளி தூக்கியவளைத் தேடிச் சென்று கேட்டவர் அரிது.

மணத்துக்குப்பின் லட்சுமி சாகல் ஆன டாக்டர் லட்சுமி, 2002இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் அப்துல் கலாமை எதிர்த்து நின்றபோது, அவரை அறிமுகப்படுத்த வேண்டிய பொழுதெல்லாம் நம்மவர்க்கு உடனே தோன்றியது இராணுவ உடுப்பும் கேப்டன் பட்டமும்தான். 1971இல் வங்காள அகதிகளுக்கும், 1984இல் போபால் விஷவாயுவில் அகப்பட்டவர்களுக்கும் வைத்தியம் செய்யப் போன அவர், 2012இல் தொண்ணூற்றேழாம் வயதில் காலமாகும் வரை, கான்பூரில் ஏழைப் பெண்களுக்குத் தம் வைத்தியசாலையின் கதவை மூடவே இல்லை.