ஒரு முகம், ஒரு விளக்கு, ஒரு காமிரா

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலின் கிழக்கு ராஜகோபுரம் சுமார் 66 மீட்டர் உயரமுடையது. ஊரிலிருந்து வரும் தாத்தாவைக் கோபுரம் பின்னால் தெரியும்படி வீதியில் நிற்க வைத்துப் படம் எடுக்காத குடும்பம் அநேகமாக இராது. தாத்தா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை அணிந்திருக்கிறார். நேரமோ நண்பகல். வெயிலுக்குக் குறைவில்லை. காமிராவும் நல்ல காமிராதான். ஆனால் படத்தில் வேட்டி பளிச்சென்று தெரிகிறது. தாத்தாவின் முகம் கரிபூசியதுபோல் இருண்டு கிடக்கிறது. கண்கள் இருக்கும் இடத்தில் இரண்டு கருங்குழிகள்!

இவ்வளவு வெளிச்சம் இருந்தும் முகம் ஏன் இருண்டது?

இதற்கு விடை புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். புகைப்படத்துக்கு அது முற்றிலும் பொருந்தும். எதிரே ஒருவரை உட்கார வைத்து, விளக்கை இங்கும் அங்கும் நகர்த்தி, படத்தை உடனுக்குடன் ஒப்பிட்டுப் பார்த்துக் கற்றால்தான் அந்த விடை கைக்கு வரும். இதற்காக நடத்தப்படுபவையே செய்முறைப் புகைப்படப் பட்டறைகள். படத்துக்காக அமர்பவரை ‘மாடல்’ என்கிறார்கள். மாடல் என்றதும் சினிமா நட்சத்திரத்தை எண்ணிக்கொள்ள வேண்டாம். உங்கள் வகுப்புத் தோழனும் மாடல்தான், பாட்டியும் மாடல்தான்.

பட்டறையும் ஒரு சோதனைச்சாலையே

வேதியியல் சோதனைச்சாலையில் நாம் என்ன செய்கிறோம்? ஒன்றை மட்டும் மாற்றுகிறோம்; மற்றவற்றை மாற்றாமல் வைக்கிறோம். விளைவைக் குறித்துக்கொள்கிறோம். புகைப்படப் பட்டறையிலும் இதே முறைதான். மாடல் அதே நாற்காலியில் அமர்ந்திருப்பார். காமிராவும் அதே இடத்தில் நிற்கும். விளக்கின் தொலைவு மட்டும் மாறும். பிறகு விளக்கின் திசை மட்டும் மாறும். வீதியில் ஓடும் வண்டியையோ பறக்கும் காக்கையையோ வைத்து இப்படிச் சோதனை செய்ய முடியுமா? பொறுமையாக அமர்ந்திருக்கும் மனிதர் ஒருவர் கிடைப்பதே பட்டறையின் முதல் நன்மை.

புகைப்படத்தைக் கைப்பழக்கமாகக் கற்பிக்கும் வழக்கம் தமிழகத்துக்குப் புதிதன்று. 1850ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே அங்கே புகைப்படக் கலையும் கற்பிக்கப்பட்டது. அப்பள்ளியே இன்று எழும்பூரில் அரசு கவின் கலைக் கல்லூரியாக விளங்குகிறது.

பிலிம் காலத்தில் ஒரு சுருளில் 36 படங்களே எடுக்க முடியும். அதைக் கழுவி அச்சிட்ட பிறகுதான் பிழை தெரியும். அதற்குள் மாடல் வீட்டுக்குப் போயிருப்பார். இன்று படம் நொடியில் திரையில் தெரிகிறது. பிழையைக் கண்டு, காரணத்தை ஊகித்து, அங்கேயே மறுபடி எடுத்துப் பார்க்கலாம்.

முதல் பாடம்: ஒளியின் தொலைவு

ஒரு சிறு விளக்கிலிருந்து விலகிச் செல்லச் செல்ல வெளிச்சம் குறைகிறது. எவ்வளவு குறைகிறது? தொலைவு 2 மடங்கானால் வெளிச்சம் 4இல் ஒரு பங்கு. 3 மடங்கானால் 9இல் ஒரு பங்கு. தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் வெளிச்சம் குறைகிறது என்று இயற்பியல் பாடத்தில் படிக்கிறோம். அந்த விதியை இப்போது ஒரு முகத்தின் மேல் வைத்துப் பார்ப்போம்.

மாடலின் மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே சுமார் 10 செ.மீ. ஆழம் இருப்பதாகக் கொள்வோம். விளக்கு மூக்கிலிருந்து 50 செ.மீ. தொலைவில் இருந்தால், காது 60 செ.மீ. தொலைவில் இருக்கும். கணக்கிட்டால், மூக்கில் விழும் வெளிச்சத்தில் 69 சதவீதமே காதுப் பக்கத்தை அடைகிறது. விளக்கை 3 மீட்டருக்கு நகர்த்துங்கள். இப்போது தொலைவுகள் 300 செ.மீ., 310 செ.மீ. காதுப் பக்கத்துக்கு 94 சதவீத வெளிச்சம் கிடைத்துவிடுகிறது! விளக்கு அருகில் இருந்தால் முகத்தில் மேடு பள்ளங்கள் எடுப்பாகத் தெரியும். தொலைவில் இருந்தால் முகம் முழுவதும் ஏறக்குறைய ஒரே சீராக ஒளிரும்.

காமிராவின் தொலைவுக்கும் இதைப் போன்ற கணக்கு உண்டு. கைபேசியை முகத்துக்கு 30 செ.மீ. அருகே பிடித்து எடுத்தால், 40 செ.மீ. தொலைவில் உள்ள காதுடன் ஒப்பிடும்போது மூக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் பெரிதாகப் பதியும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் இந்த வேறுபாடு 7 சதவீதம்தான். “என் மூக்கு இவ்வளவு பெரிதா?” என்று யாராவது வருந்தினால், குற்றம் மூக்கினுடையது அன்று, தொலைவினுடையது என்று சொல்லுங்கள்.

இரண்டாம் பாடம்: திண்ணை என்னும் ஸ்டுடியோ

வானத்தில் சூரிய வட்டத்தின் அகலம் சுமார் அரை டிகிரி கோணமே. சிறிய இடத்திலிருந்து வரும் ஒளி கூர்மையான நிழலை உண்டாக்கும். திருவண்ணாமலை வட அட்சம் 12 டிகிரியை ஒட்டி இருப்பதால், ஏப்ரல் மூன்றாம், நான்காம் வாரங்களிலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தை ஒட்டியும் நண்பகல் சூரியன் அநேகமாகத் தலைக்கு நேர்மேலே வந்துவிடுகிறது. அப்போது நெற்றி ஒளிர்கிறது. புருவத்தின் நிழல் கண்குழியை மூடிவிடுகிறது. தாத்தாவின் கண்கள் காணாமல் போனதற்கு இதுவே காரணம்.

அவரைப் பழைய வீடு ஒன்றின் திண்ணையில் உட்கார வையுங்கள். மேலே கூரை இருப்பதால் நேர்வெயில் இல்லை. எதிரே தெருவும் வானமும் திறந்து கிடக்கின்றன. அந்தப் பரந்த வெளி முழுவதிலிருந்தும் ஒளி பக்கவாட்டில் வருகிறது. ஒளி வரும் பரப்பு பெரிதானால் நிழல் மென்மையாகும். வானத்தின் ஒரு சிறு பிம்பம் கண்களில் மின்னும். முகத்தின் மறுபக்கம் இன்னும் இருட்டாக இருக்கிறதா? ஒரு வெள்ளை வேட்டியை விரித்து அப்பக்கம் இருவர் பிடித்தால் போதும். வேட்டியில் பட்டுச் சிதறும் ஒளி அந்த இருட்டைக் குறைக்கும். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை.

மூன்றாம் பாடம்: காமிரா செய்யும் ஊகம்

காமிராவுக்குள் ஓர் ஒளிமானி இருக்கிறது. எதிரே இருப்பது வேட்டியா, முகமா, கருங்கல் தூணா என்று எளிய ஒளிமானிக்குத் தெரியாது. காட்சியின் சராசரி, நடுத்தரச் சாம்பல் நிறம் என்று அது ஊகித்துக்கொள்கிறது. தன்மேல் விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பியனுப்பும் சாம்பல் அட்டையே இதற்கு நெடுங்காலமாக வழங்கிவரும் அளவுகோல். வெளுத்த வேட்டியோ அதைவிடப் பல மடங்கு ஒளியைத் திருப்பியனுப்புகிறது. படச்சட்டத்தில் வேட்டி நிறைந்திருந்தால், “வெளிச்சம் அதிகம்” என்று காமிரா ஏமாந்து ஒளியைக் குறைத்துவிடும். வேட்டியும் மங்கும், முகம் இன்னும் இருளும். இங்கே படம் எடுப்பவர் காமிராவைத் திருத்த வேண்டும். ‘பிளஸ் 1’ என்ற அளவுக்கு நகர்த்தினால் ஒளி இரண்டு மடங்காகும். கைபேசியானால் திரையில் முகத்தின்மேல் விரலை வைத்து, வெளிச்சக் குறியை மேலே நகர்த்தலாம்.

இன்றைய கைபேசிகள் பல முகத்தைத் தாமே தேடிக் கண்டுபிடிக்கின்றன. ஆனாலும் அவை தவறே செய்யமாட்டா என்று நம்பிவிடக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

யாருடைய முகம் அளவுகோல்?

வண்ணப் பிலிம் காலத்தில், அச்சிடும் நிலையங்களில் நிறம் சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு மாதிரி அட்டையை வைத்திருப்பார்கள். 1950களிலிருந்து அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் அனுப்பிய அட்டைகளில் வெள்ளை நிறத்தவரான ஒரு பெண்ணின் படம் இருந்தது. முதலில் அமர்ந்த பெண்ணின் பெயரை ஒட்டி, அந்த அட்டைகளுக்கு ‘ஷெர்லி அட்டை’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. அந்த முகம் நன்றாக வந்தால் எல்லாம் சரி என்று கொள்ளப்பட்டது. கறுப்பு நிற முகங்களில் நுட்பங்கள் மறைந்து போயின. இந்த வரலாற்றை ஆராய்ந்து கனடாவைச் சேர்ந்த லோர்னா ராத் 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மரச்சாமான் செய்வோரும் சாக்லேட் செய்வோரும் தங்கள் பொருள்களின் பழுப்பு நிறங்கள் சரியாக வரவில்லை என்று முறையிட்டதும் பிலிம் திருத்தப்பட ஒரு காரணம் என்று அவர் காட்டினார். 1990களில்தான் பல நிறத்தவர் சேர்ந்து அமர்ந்த மாதிரி அட்டை வந்தது.

கணினிக் காலத்திலும் கதை முடியவில்லை. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக நிரல்களை ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் சோதித்து, முடிவை 2018இல் வெளியிட்டனர். வெளிர்நிற ஆண்களின் முகங்களில் பிழை 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களின் முகங்களிலோ 34.7 சதவீதம் வரை சென்றது.

ஆகவே, நம் ஊர் முகங்களை மாடலாக வைத்துக் கற்பது வெறும் வசதிக்காக மட்டுமன்று. மாநிறம், கருநிறம் எதுவானாலும் அந்தந்த முகத்தை உள்ளபடி காட்டுவது எப்படி என்பதை நாம் நம் கையாலேயே கற்றாக வேண்டும். முகத்தை வெளுப்பாக்கிக் காட்டும் ‘அழகு’ வசதியைக் கைபேசியில் நிறுத்திவிட்டுப் பயிற்சியைத் தொடங்குவது நல்லது.

திருவண்ணாமலை கண்ட முகப்படங்கள்

உலகம் அறிந்த முகப்படங்கள் சில திருவண்ணாமலையில் எடுக்கப்பட்டவை. ரமண மகரிஷியின் படங்கள் பலவற்றை எடுத்தவர் டி.என். கிருஷ்ணசாமி என்ற சென்னை மருத்துவர். பலருடைய வீடுகளில் காணப்படும் மார்பளவுப் படத்தை 1946இல் எடுத்தவர் ஜி.ஜி. வெல்லிங். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில், ரமணரின் இறுதி நாள்களில், இங்கே வந்து படம் எடுத்தார். ஒரே முகந்தான், ஆனால் எடுப்பவர் மாறும்போது படமும் மாறுகிறது. இப்படங்களை அருகருகே வைத்து, ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துப் பாருங்கள். கண்ணில் மின்னும் புள்ளியும் மூக்கின் நிழலும் துப்புக் கொடுக்கும்.

பிற்காலத்தில், 2014-15இல், அபுல் கலாம் ஆசாத் முன்னின்று நடத்திய ‘புராஜெக்ட் 365’ திட்டத்தில் புகைப்படக் கலைஞர் பலர் ஓராண்டுக் காலம் திருவண்ணாமலையின் வாழ்க்கையைப் படங்களாகப் பதிவு செய்தனர். தமிழகத்தில் எம். பழனி குமார் போன்ற புகைப்படக் கலைஞர்கள் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் காமிராப் பயிற்சி அளித்து வருகிறார்கள். தங்கள் பெற்றோரையும் தெருவையும் அப்பிள்ளைகளே படம் பிடிக்கிறார்கள்.

அமர்பவரும் மனிதரே

பட்டறையின் மிகப் பெரிய பாடம் இனிமேல்தான் வருகிறது. மாடல் என்பவர் பூந்தொட்டி அல்லர். எதிரே அமர்ந்திருப்பவரிடம் பேச வேண்டும். எதற்காக எடுக்கிறோம் என்று சொல்ல வேண்டும். அவர் களைத்தால் நிறுத்த வேண்டும். எடுத்த படத்தைக் காட்ட வேண்டும். “இது வேண்டாம்” என்று அவர் சொன்னால் அழித்துவிட வேண்டும்.

பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மக்கள் வெள்ளமெனத் திரள்கிறார்கள். வழிநெடுக அமர்ந்திருக்கும் சாதுக்களின் சடாமுடியையும் திருநீற்றையும் கண்டதும், கேட்காமலே காமிராவை நீட்டுவோர் பலர். களைத்துப் படுத்திருப்பவரையும் பசித்து உண்பவரையும்கூட விடுவதில்லை. ஒருமுறை தாமே மாடலாக அமர்ந்து பார்த்தவர் இதைச் செய்யத் தயங்குவார். தன்னை ஒரு கண்ணாடிக் கண் உற்று நோக்கும்போது உண்டாகும் கூச்சம் அவருக்குத் தெரியும். அதனால் நல்ல பட்டறையில் எல்லோரும் முறைவைத்து மாடலாக அமர்வார்கள்.

இடத்துக்கும் மரியாதை உண்டு. தமிழகக் கோயில்களுக்குள் கைபேசிகளைத் தடை செய்யுமாறு 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. எனவே பயிற்சிக்குப் பள்ளித் தாழ்வாரமும் வீட்டுத் திண்ணையுமே போதும்.

நீங்களே நடத்திப் பாருங்கள்

ஆசிரியரின் அனுமதியோடு அறிவியல் மன்றத்தில் ஒரு பட்டறை நடத்தலாம். தேவையானவை: ஒரு காமிரா அல்லது கைபேசி, ஒரு மேசை விளக்கு, ஒரு வெள்ளை வேட்டி, ஓர் அளவு நாடா, ஒரு குறிப்பேடு.

1. இருட்டிய அறையில் விளக்கை முகத்திலிருந்து அரை மீட்டர், 1 மீட்டர், 2 மீட்டர் தொலைவுகளில் வைத்து, ஒவ்வொரு முறையும் ஒரு படம் எடுங்கள். மாடல் விளக்கை உற்றுப் பார்க்க வேண்டாம்.

2. விளக்கை 1 மீட்டர் தொலைவிலேயே வைத்து, முன்னால், பக்கத்தில், தலைக்கு மேலே என்று திசையை மட்டும் மாற்றுங்கள்.

3. தாழ்வாரத்துக்கு வந்து, வேட்டியைப் பிடித்து ஒன்றும் பிடிக்காமல் ஒன்றுமாக இரண்டு படங்கள் எடுங்கள்.

4. வெள்ளைச் சட்டையில் ஒருமுறை, கருஞ்சட்டையில் ஒருமுறை படம் எடுத்து, முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

5. ஒவ்வொரு படத்துக்கும் நேரம், தொலைவு, திசை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இடம் மாறி, எடுத்தவர் மாடலாக அமரட்டும்.

இவ்வளவும் செய்த பின், அடுத்த முறை தாத்தா ஊருக்கு வரும்போது நண்பகலில் அவரை வெயிலில் நிறுத்தமாட்டீர்கள். மாலை 5 மணி வரை காத்திருப்பீர்கள். அல்லது திண்ணையில் அமர்த்தி நாலு வார்த்தை பேசுவீர்கள். படத்தில் அவருடைய கண்கள் தெரியும். அந்தப் படத்தை அச்சிட்டு அவர் கையில் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.