அயலூருக்குப் போகும் மருத்துவ மாணவர்



மருத்துவமும் தாதியர் பயிற்சியும் படிப்பதற்காக நம் பிள்ளைகள் பலர் கடல் கடந்து போகிறார்கள். அங்கே படிப்பின் ஒரு பகுதியாகச் சில வாரங்கள் ஏதேனும் ஓர் ஏழை ஊரில் தங்கிப் பணி பழகுவோரும் உண்டு. அதேபோல், இங்கிலாந்து முதலிய நாடுகளின் மாணவர்களும் சில வாரப் பயிற்சிக்காக அயல்நாடுகளுக்குப் போகிறார்கள். நம் நாட்டுக்கு வருவோரும் உண்டு. இதனைக் களப்பயிற்சி என்கிறோம். பிள்ளையை அனுப்பும் பெற்றோர், "அங்கே போய் நாலு ஏழைகளுக்கு நல்லது செய்துவிட்டு வா" என்று வாழ்த்துகிறார்கள். நல்ல வாழ்த்துதான். ஆனால் நல்லது செய்வது எப்படி? இன்று இதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

இதற்குப் பாடம் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் கிள்ளானிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

1901-ஆம் ஆண்டு. மால்கம் வாட்சன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் அரசாங்க மருத்துவராகக் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தார். முப்பது வயதைக்கூட எட்டாத இளைஞர். அவர் வந்தபோது ஊரே மலேரியாக் காய்ச்சலில் கிடந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்திலும், வேலையாட்கள் கூட்டங்கூட்டமாகப் படுத்துவிட்டார்கள்.

மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை ரொனால்டு ராஸ் இந்தியாவின் செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897-இல்தான். ஆகவே கொசு மலேரியாவைப் பரப்புகிறது என்பது அன்று புத்தம் புதிய செய்தி. வாட்சன் நோயாளிகளுக்குக் கொயினா கொடுத்ததோடு நிற்கவில்லை. மருத்துவமனையை விட்டு வெளியே வந்து, ஊரைச் சுற்றிப் பார்த்தார். எங்கும் நிழல் அடர்ந்த சதுப்புநிலம், தேங்கிய நீர். காட்டை வெட்டவும், வடிகால் தோண்டி நீரை வெளியேற்றவும் அவர் வற்புறுத்தினார். பலன் விரைவில் தெரிந்தது. கிள்ளான் பட்டணத்திலும் துறைமுகத்திலும் 1901-இல் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். அடுத்த ஆண்டு 59 பேர். சுற்றுவட்டாரத்திலோ சாவு அவ்வாறு குறையவில்லை.

கதை இத்துடன் முடிந்திருந்தால், "வடிகால் தோண்டினால் மலேரியா போய்விடும்" என்று எழுதி வைத்துவிடலாம். ஆனால் மலையடிவாரத்து ரப்பர் தோட்டங்களில் நிலைமை வேறாக இருந்தது. அங்கேயும் காட்டை வெட்டினார்கள். ஓடைகளைத் துப்புரவு செய்தார்கள். காய்ச்சல் குறையவில்லை. லயங்களில் குடியிருந்த தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் பிள்ளைகளும் தொடர்ந்து மடிந்தார்கள்.

காரணம் என்ன? கடலோரச் சமவெளியில் நோயைப் பரப்பியது அனோஃபிலிஸ் உம்ப்ரோசஸ் என்னும் கொசு. அதற்கு நிழலும் தேங்கிய நீரும் வேண்டும். நிழலை அகற்றி நீரை வடித்தால் அது ஒழியும். குன்றுப்புறத்தில் நோயைப் பரப்பியதோ அனோஃபிலிஸ் மேக்குலேட்டஸ் என்னும் வேறு கொசு. வெயில் படும் தெளிந்த ஓடை நீர்தான் அதற்குப் பிடிக்கும். காட்டை வெட்டி ஓடையில் வெயில் விழச் செய்ததால், அந்தக் கொசுவுக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தது போலாயிற்று! பிறகுதான் குன்றுப்புறங்களில் ஓடை நீரை நிலத்தடிக் குழாய்களில் செலுத்தவும், நீர்மேல் எண்ணெய் தெளிக்கவும் தொடங்கினார்கள்.

ஓர் ஊரில் உயிர் காத்த முறை, சில கல் தொலைவில் உள்ள இன்னோர் ஊரில் உயிருக்கு உலை வைத்தது. நேயர்களே, களப்பயிற்சிக்குப் போகும் மாணவர் மனத்தில் இருத்த வேண்டிய முதல் பாடம் இதுவே. நோயைப் படிப்பதற்கு முன் ஊரைப் படிக்க வேண்டும்.

சரி, ஊரைப் படிப்பது எப்படி? தமிழ்நாட்டின் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இதற்கென்றே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். 1900-இல் ஒரே ஒரு கட்டிலோடு ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய சிறு மருத்துவ நிலையம்தான் இன்று பெரிய மருத்துவமனையாகவும் கல்லூரியாகவும் வளர்ந்திருக்கிறது. அவர் குடியாத்தம் செல்லும் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி, நாட்டுப்புற மக்களுக்கு மருத்துவம் பார்த்தவர். அந்த வழியில், அக்கல்லூரியின் முதலாண்டு மாணவர்கள் ஒரு கிராமத்தில் தங்கி, வீடு வீடாகச் சென்று மக்களின் வாழ்க்கை நிலையைக் கேட்டு எழுதுகிறார்கள். குடிநீர் எங்கிருந்து வருகிறது? வீட்டில் எத்தனை பேர்? என்ன வேலை, என்ன வருமானம்? ஊசி போடக் கற்பதற்கு முன்பே இவற்றைக் கேட்கக் கற்கிறார்கள்.

இந்தக் கேள்விகளால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். இங்கிருந்து ஒரு மாணவி தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றுக்குப் போயிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. "தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்" என்கிறாள். புத்தகப்படி சரிதான். ஆனால் விறகு பொறுக்கக் காலையில் அரை நாள் நடக்கும் தாய் என்ன செய்வாள்? "சரிம்மா" என்று தலையாட்டிவிட்டுப் போவாள், தண்ணீர் கொதிக்காது. அதே மாணவி அடுப்பங்கரை வரை போய்ப் பார்த்திருந்தால், குளோரின் கலப்பதையும், குடத்தை மூடி வைப்பதையும், கை கழுவுவதையும் சொல்லியிருப்பாள். உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுக்கும் முறையையும் அந்தத் தாய்க்குக் காட்டியிருப்பாள்.

இங்கே வரும் அயல்நாட்டு மாணவருக்கும் இதே நிலைதான். கிள்ளான் பள்ளத்தாக்கில் நம்மை வாட்டுவது டெங்கிக் காய்ச்சல். அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு, வீட்டைச் சுற்றிப் பாத்திரங்களில் நிற்கும் நீரில் முட்டையிடுகிறது. மலிவுவிலை அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவரிடம், "தண்ணீரைப் பிடித்து வைக்காதீர்கள்" என்று சொல்வது எளிது. குழாயில் நீர் நின்றுபோகும் நாளை நினைத்து அவர் பீப்பாயில் பிடித்து வைத்திருக்கிறார். அதை எப்படிக் கொட்டுவார்? பீப்பாயை இறுக மூடவும், வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும், ஏபேட் மருந்தை அளவாக இடவும் சொன்னால் அவரால் செய்ய முடியும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். வாரம் ஒருமுறை என்பதன் கணக்கு அதுதான்.

இரண்டாவது பாடம், தன் எல்லையை அறிந்து நடப்பது. ஏழை ஊரில் வெள்ளை அங்கி அணிந்தவரெல்லாம் டாக்டர்தான். "டாக்டரம்மா, இந்தக் கட்டியைக் கொஞ்சம் பாருங்க" என்று பாட்டி ஒருவர் கையைப் பிடித்துக்கொள்வார். தன் நாட்டில் செய்ய அனுமதியில்லாத ஒன்றை, இங்கே தடுக்க ஆளில்லை என்று ஒரு மாணவர் செய்து பார்க்கத் துணியலாம். அது பெரும் பிழை. ஏழையின் உடம்பு யாருக்கும் பயிற்சிப் பலகை ஆகாது. "பாட்டி, நான் இன்னும் படிக்கிற பிள்ளை. பெரிய டாக்டரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்" என்று சொல்லும் துணிவு வேண்டும். அப்படிச் சொல்வதால் மதிப்புக் குறையாது. அனுமதியின்றி நோயாளியைப் படம் பிடிப்பதும் அவ்வாறே தவறு.

மூன்றாவது பாடம், அங்குள்ள மக்களுக்கும் அறிவு உண்டு என்பதை மறவாதிருப்பது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். 1951-இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. பார்வையற்றோர் பலர் அங்கே உடம்பு பிடித்துவிடும் தொழில் செய்து, தாமே உழைத்து வாழ்கிறார்கள். அவர்களுக்கு உதவ வரும் மாணவர், கையைப் பிடித்து இழுத்துச் சாலையைக் கடக்க வைப்பதற்கு முன், "உங்களுக்கு எந்த இடத்தில் தடங்கல்?" என்று கேட்க வேண்டும். உடைந்த நடைபாதை எது, வண்டிகளை நிறுத்தி வழியை அடைப்பது எந்த மூலை என்பது அவர்களுக்கு அடிக்கணக்கில் தெரியும்.

கடைசியாக ஒன்று. மாணவர் சில வாரங்களில் திரும்பிவிடுவார். நோயும் ஊரும் அங்கேயே இருக்கும். அவர் தொடங்கி வைத்த வேலையை யார் தொடர்வது? தமிழ்நாட்டுக் கிராமத்தில் சுகாதாரச் செவிலியர் இருக்கிறார். நம் நாட்டில் அரசாங்க சுகாதாரக் கிளினிக்கின் தாதியர் இருக்கிறார்கள். வந்த நாளிலேயே அவர்களிடம் போய், "நான் உங்களுக்கு என்ன உதவி செய்யலாம்?" என்று கேட்பவரே நல்ல மாணவர். கண்டதையும் செய்ததையும் அவர்களுடைய ஏட்டில் எழுதி வைத்துவிட்டுப் புறப்பட்டால், இரத்த அழுத்தம் கூடியிருந்த அந்த முதியவரை அடுத்த மாதம் ஒருவர் போய்ப் பார்ப்பார். எழுதாமல் வந்துவிட்டால், அந்த முதியவர் மீண்டும் எவருடைய கணக்கிலும் இல்லாதவராகிவிடுவார்.

பெற்றோர்களே! பயிற்சி முடிந்து பிள்ளை வீடு திரும்பும்போது, "எத்தனை பேருக்கு வைத்தியம் பார்த்தாய்?" என்று கேட்காதீர்கள். "அந்த ஊரில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள்?" என்று கேளுங்கள். தடுமாறாமல் பதில் சொன்னால், உங்கள் பிள்ளை நல்ல மருத்துவராக வளர்கிறார் என்று மனநிறைவு கொள்ளலாம்.