கியர் விழ மறுப்பது ஏன்?

மோட்டார் கார் வைத்திருப்போரில் பலர், கியர் சரியாக விழவில்லை என்றதும் கியர்ப்பெட்டி கெட்டுவிட்டது என்றே முடிவு கட்டிவிடுகின்றனர். பட்டறையில் பெட்டியைக் கழற்றிப் பிரித்துப் பார்த்த பின்னரே குற்றம் அங்கு இல்லை என்பது புலப்படும். ஆனால் கழற்றிய கூலி திரும்பி வருவதில்லை. ஆதலின், கோளாறு இன்ன இடத்தில் உள்ளது என்று முன்னதாகவே அறியும் வழிகளைக் காண்போம்.

கியர் மாறும் வகை

எஞ்சினின் சுழற்சி கிளட்ச் வழியாகவே கியர்ப்பெட்டிக்குள் செல்கிறது. கிளட்ச் மிதியை அழுத்தினால் இத்தொடர்பு அறுபடும். எனினும், பற்கள் உரசாமல் சேர வேண்டுமாயின், சேரும் இரு பகுதிகளும் ஒரே வேகத்தில் சுழல வேண்டும். வேகத்தை இவ்வாறு சமன்செய்வது 'சிங்க்ரோமெஷ்' என்னும் அமைப்பாகும். இதில் பெரும்பாலும் பித்தளை வளையங்கள் உண்டு. அமெரிக்காவின் கேடிலாக் நிறுவனம் 1928-இல் இதனை அறிமுகப்படுத்தியது. அதற்கு முன்பு ஓட்டுநர் கிளட்சை இருமுறை மிதித்துத் தம் கைத்திறத்தாலேயே வேகத்தைச் சமன்செய்ய வேண்டியிருந்தது.

மலாயாவில் ஒரு காலத்தில் பெரிதும் ஓடிய மோரிஸ் மைனர் காரின் முதல் கியருக்கு இவ்வமைப்பு கிடையாது. ஆகவே ஓடும்போது அந்தக் கியரைப் போட்டால் எழும் சத்தம் கோளாறன்று. அக்காரின் இயல்பே ஆகும்.

முதற் சோதனை

காரைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்து எஞ்சினை அணைத்துவிடுக. கிளட்சை மிதித்து எல்லாக் கியர்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க. பிறகு எஞ்சினை ஓடவிட்டு அவ்வாறே செய்க. எஞ்சின் நின்றிருக்கையில் எளிதாக விழுந்த கியர்கள் எஞ்சின் ஓடுகையில் முரண்டினால், கிளட்ச் முழுவதும் விடுபடவில்லை என்பது பொருள்.

இதனை உறுதி செய்யவும் ஒரு வழி உண்டு. பெரும்பாலான கார்களில் ரிவர்ஸ் கியருக்குச் சிங்க்ரோமெஷ் இல்லை. கிளட்சை மிதித்துச் சில விநாடிகள் பொறுத்து ரிவர்ஸ் போடும்போதும் அரைக்கும் ஒலி கேட்டால் ஐயமில்லை. பழி கிளட்சையே சாரும்.

அந்நிலையில் முதலில் எளியவற்றைப் பார்க்க வேண்டும். காலடி விரிப்பு சுருண்டு மிதியைத் தடுக்கிறதா? கேபிள் தளர்ந்துள்ளதா? எண்ணெயால் இயங்கும் கிளட்சாயின், அவ்வெண்ணெய் குறைந்துள்ளதா? மிதியை அடுத்தடுத்துப் பலமுறை மிதித்த பிறகு கியர் விழுமாயின், குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம். அல்லது சிலிண்டரின் ரப்பர் தேய்ந்திருக்கலாம். இவற்றைச் சரிசெய்யக் கியர்ப்பெட்டியைத் தொடவேண்டியதில்லை.

பிற அறிகுறிகள்

எஞ்சின் நின்றிருந்தும் எல்லாக் கியர்களும் இறுகியிருந்தால், கியர்க் கம்பிற்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள இணைப்புகளை ஆராய்க. ஒரே ஒரு கியர் மட்டும், சான்றாக மூன்றிலிருந்து இரண்டிற்கு இறக்கும்போது, அரைத்தால் அக்கியரின் சிங்க்ரோமெஷ் வளையம் தேய்ந்திருத்தல் கூடும்.

பெட்டிக்கு ஊற்றும் எண்ணெயும் கருதத்தக்கது. 'ஜிஎல்-4' எண்ணெய் கேட்கும் பெட்டியில் 'ஜிஎல்-5' ஊற்றினால், அதிலுள்ள மிகுதியான கந்தகக் கலப்பு பித்தளை வளையங்களைக் கெடுக்கக்கூடும். காருடன் வந்த கையேடு கூறும் எண்ணெயே தக்கது.

போட்ட கியர் தானே கழன்று நியூட்ரலுக்கு வருவது எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது. கேமரன் மலை போன்ற நெடிய இறக்கங்களில் அவ்வாறு நேர்ந்தால், எஞ்சினின் தடை நீங்கிப் பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் தளர்ந்தாலும் இது நேரலாம். பெட்டிக்குள் கவைகளோ பற்களோ தேய்ந்தாலும் நேரலாம். இக்காரை மலைப்பாதையில் செலுத்தலாகாது.

சுருங்கக் கூறின், எளியதை முதலிலும் அரியதை இறுதியிலும் சோதிப்பதே முறை. எந்தக் கியர், எஞ்சின் ஓடும்போதா, நின்றபோதா என்று குறித்துக்கொண்டு பட்டறைக்குச் செல்பவர் வீண் செலவிலிருந்து தப்புவார்.