தார்ப்பாய் போர்த்திய லாரி

பெரிய தலைவர் ஒருவரைக் கொன்றுவிட்டார்கள் என்றதும் ஊர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: ‘யாரு?’ அந்தக் கேள்வியோடு கழிந்த சில இரவுகளைப் பற்றி...

1984 அக்டோபர் 31, புதன்கிழமை. தீபாவளி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. நான் எட்டாம் வகுப்பு. மதியச் சாப்பாட்டு மணி அடித்து உட்காருவதற்குள் இன்னொரு மணி அடித்தது. எல்லாரும் வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. லீவுக்கு யாராவது காரணம் கேட்பார்களா? பையைத் தலையில் மாட்டிக்கொண்டு ‘ஓ’வென்று கத்தியபடி ஓடினோம். கடைவீதிக்கு வந்தபோதுதான் கத்தல் தானாக அடங்கியது. பட்டப்பகலில் கடைக்காரர்கள் பலகை போட்டு அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊர் சங்ககிரி. லாரிக்காரர்களின் ஊர். வீட்டுக்கு ஒரு டிரைவர், தெருவுக்கு ஒரு பட்டறை. அப்பா ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நான் நேரே அங்கேதான் போனேன். வழக்கமாக இலங்கை வானொலியில் சினிமாப் பாட்டு ஓடும் டிரான்சிஸ்டரில் ஒற்றை வீணை அழுதுகொண்டிருந்தது. முதலாளி, டிரைவர்கள், கிளீனர்கள் எல்லாரும் அதைச் சுற்றி நின்றார்கள். மேசைமேல் டிரங்க் கால் புக் பண்ணிய சீட்டுகள். அப்பா போனைப் பிடித்துக்கொண்டு ‘டெல்லி... டெல்லிங்க... அர்ஜென்ட்’ என்று கத்திக்கொண்டிருந்தார்.

“இந்திரா காந்தியச் சுட்டுட்டாங்களாம்டா” என்றார் கிளீனர் அண்ணன் ஒருவர். அடுத்த மூச்சில் முதலாளி அப்பாவிடம் கேட்டது: “வடக்க நம்ம வண்டி எத்தன நிக்குதுங்க?”

“மூணுங்க. ரெண்டு டெல்லிக்குள்ள.”

செய்தி துக்கமாக வரும் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் ஊருக்கு அது முதலில் கணக்காகத்தான் வந்தது. யார் வண்டி எங்கே, யார் மகன் எந்த ரோட்டில்.

பதில் முந்திக்கொண்டது

அன்று காலை ஒன்பது மணி கடந்து இருபது நிமிடம் இருக்கும். டெல்லி சப்தர்ஜங் சாலை வீட்டிலிருந்து பக்கத்து அக்பர் சாலை அலுவலகத்துக்குத் தோட்டத்து வழியாக நடந்துபோனார் இந்திரா. பீட்டர் உஸ்தினோவ் என்ற நடிகர் தொலைக்காட்சிப் பேட்டிக்காகக் காத்திருந்தார். நடுவில் இருந்த சின்ன வாசலில் நின்ற பாதுகாவலர்கள் பியாந்த் சிங்கும் சத்வந்த் சிங்கும் சுட்டார்கள். ஜூன் மாதம் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்ததற்கான பழி. எய்ம்ஸ் மருத்துவமனையில் இறந்துவிட்டதாக முடிவானது பிற்பகல் இரண்டரைக்குச் சற்று முன்பு. ஆகாசவாணி அதைச் சொன்னது மாலை ஆறு மணிக்கு. பிபிசி அதற்கு வெகுநேரம் முன்பே சொல்லிவிட்டது.

மேற்கு வங்கத்தில் பிரசாரத்தில் இருந்த மகன் ராஜீவே, திரும்பும் வழியில் டிரான்சிஸ்டரில் பிபிசியைத்தான் கேட்டுக்கொண்டு வந்தார். பெற்ற தாயின் நிலையை அறிய, அவரும் நம்மைப் போல ஒரு வானொலிப் பெட்டியில் காதை வைக்க வேண்டியிருந்தது.

எங்கள் ஊரில் பிபிசி கேட்பவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். மூன்று மணிக்கு மேல் அவர் ஆபீஸுக்கு நடந்தே வந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “போயிட்டாங்க” என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “சுட்டது சீக்கியக் காவலர்களாம்” என்றார்.

எல்லாருடைய தலையும் ஒரே திசையில் திரும்பியது. எதிரே வேப்பமரத்தடியில் பஞ்சாப் நம்பர் லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது.

லூதியானாவிலிருந்து சைக்கிள் உதிரி பாகம் இறக்கிவிட்டு, திரும்பிப்போக ஜவ்வரிசி லோடுக்காகக் காத்திருந்த வண்டி. டிரைவர் சர்தார்ஜிக்கு ஐம்பது வயது இருக்கும். கூட ஒரு பையன், தங்கச்சி மகன் என்றார்கள். இரண்டு நாளாக எனக்கும் அவனுக்கும் பாஷையே இல்லாமல் பம்பரச் சிநேகிதம். கூட்டம் தன்னைப் பார்ப்பதை அறிந்து சர்தார்ஜி எழுந்து வந்தார். இந்திரா என்ற பெயர் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். அப்பாவுக்கு மட்டும் லாரி ஹிந்தி தெரியும். சர்தார்ஜி அப்பாவைப் பார்த்துக் கேட்டார்:

“கிஸ்னே மாரா?”

யார் சுட்டது என்கிறார். எனக்கே அது புரிந்தது.

அப்பா ஒரு கணம்தான் தாமதித்தார். “மாலூம் நஹி” என்றார். தெரியாது.

கணக்கு நோட்டில் ஒரு பைசா தப்பாக எழுதாத மனிதர் அப்பா. அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இருட்டுவதற்குள் முதலாளி அந்த லாரியைக் குடோனுக்குள் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். லாரியின் நெற்றியில் குர்முகியில் ஏதோ எழுதியிருக்கும், பக்கத்தில் வாளும் வட்டமும் வரைந்திருக்கும். கிளீனர்கள் ஏறி, லோடுக்குப் போர்த்தும் தார்ப்பாயை முன்பக்கமாக இழுத்துவிட்டுக் கயிறு கட்டினார்கள். குடோன் கதவுச் சந்து வழியே பார்த்தேன். முகத்தை மூடிக்கொண்டு நிற்கும் யானை போல இருந்தது.

எங்கள் ஊரில் அன்றைக்கும் சரி, அடுத்த நாளும் சரி, யாரும் யாரையும் தொடவில்லை. அதையும் சொல்லவேண்டும். இருந்தாலும் தார்ப்பாயைக் கட்டாமல் இருக்க முதலாளிக்குத் தைரியம் வரவில்லை.

அவிழ்ந்த தலைத்துண்டு

டெல்லியில் தார்ப்பாய் கட்ட யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை. நவம்பர் 1 முதல் சில நாட்களில் அங்கே மட்டும் 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள் என்பது அரசே ஒப்புக்கொண்ட எண்ணிக்கை. திரிலோக்புரி, மங்கோல்புரி, சுல்தான்புரி என்று ஏழைகள் குடியிருந்த பகுதிகள்தான் அதிகம் எரிந்தன. டாக்சிகளும் லாரிகளும் சாலையிலேயே கொளுத்தப்பட்டன. 2005இல் பிரதமர் மன்மோகன் சிங் மாநிலங்களவையில் மன்னிப்புக் கேட்டபோது ஏறக்குறைய இருபத்தோரு ஆண்டுகள் ஓடியிருந்தன.

எங்கள் ஆபீஸ் வண்டிகள் மூன்றும் திரும்பிவிட்டன. கடைசி வண்டியின் டிரைவர் பதினைந்து நாள் கழித்து வந்தார். எங்கள் பக்கத்து ஆள். வெயிலுக்குத் தலையில் துண்டை உருமா கட்டுவார், வழியில் சவரம் செய்யச் சோம்பல்பட்டுத் தாடியும் வளர்ந்திருந்தது. டெல்லிக்கு வெளியே ஒரு கும்பல் வண்டியை மறித்திருக்கிறது.

“துண்டப் பாத்துட்டு ஓடியாந்தானுங்க. எனக்கு ஒண்ணும் பேச வரலீங்க. துண்ட அவுத்து வெளிய வீசிட்டேன். அவ்வளவுதான், போன்னுட்டானுங்க.” சொல்லிவிட்டு வெறுந்தலையைத் தடவிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் உருமா கட்டி நான் பார்த்ததில்லை.

‘நம்ம ஆளுதான்’

அந்த நவம்பரில்தான் அம்மாயி முதன்முறையாகக் காந்தி செத்த கதையைச் சொன்னாள். அவள் ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். 1925இல் ராஜாஜி தொடங்கிய புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்துக்கு நூல் நூற்றுக் கொடுத்துக் கூலி வாங்கிய வீடு.

“வெள்ளிக்கிழமை பொழுதோட சுட்டிருக்கான். எங்களுக்கு மக்யா நாள் விடிஞ்சுதான் தெரியும். ஆசிரமத்துக்கு நூல் கொண்டுபோன ஆளுக வெறுங்கையோட திரும்பி வந்தாங்க. அன்னைக்கு ஊருல அடுப்புப் பத்தவைக்கல கண்ணு. உங்க அப்புச்சி மொட்டை போட்டுக்கிட்டாரு. மவராசன எந்தப் பாவி சுட்டான்னு கேட்டோம். நம்ம ஆளுதான்னாங்க. அதுக்கப்புறம் ஒருத்தரும் வாயத் தொறக்கல.”

1948 ஜனவரி 30 மாலை டெல்லியிலும் அந்தக் கேள்விதான். பிர்லா மாளிகைக்கு விரைந்த கவர்னர் ஜெனரல் மவுண்ட்பேட்டனிடம், கூட்டத்தில் ஒருவர் ‘சுட்டவன் முஸ்லிம்’ என்று கத்தியதாகவும், ‘இல்லை, இந்து’ என்று அவர் அந்த இடத்திலேயே மறுத்ததாகவும் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. சுட்டவர் யார் என்று அப்போது அவருக்கே உறுதியாகத் தெரியாது என்பார்கள். பதில் வேறாக இருந்தால் என்ன நடக்கும் என்பது தெரிந்திருந்தது. பிரிவினையின் ரத்தம் காயாத நேரம். ஆகாசவாணியும் காந்தி இறந்த செய்தியோடு சேர்த்தே, கொன்றவர் ஓர் இந்து என்று அறிவித்தது. அந்த ஒரு வரி எத்தனை வீடுகளைக் காப்பாற்றியதோ!

அப்படியும் பதில் முழுக்க ஆறவில்லை. நாதுராம் கோட்சே என்ற பெயர் வெளியானதும் மகாராஷ்டிரத்தில் அவர் சாதியைச் சேர்ந்தவர்களின் வீடுகள் எரிந்தன. ஒருவன் கையில் துப்பாக்கி இருந்தது. அவன் பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் நெருப்பு வைத்தார்கள்.

கண்டக்டரின் லுங்கி

மூன்றாவது இரவு எனக்கே நேர்ந்தது.

1991 மே 21. பாலிடெக்னிக் முடித்து, சென்னையில் ஒரு வேலைக்கு நேர்முகம் போய்விட்டு, பிராட்வேயில் சேலம் பஸ் பிடித்தேன். தேர்தல் நேரம். வழியெல்லாம் தோரணம், மைக் செட். திண்டிவனத்தை நெருங்கும்போது நள்ளிரவு. டீ குடிக்க நிறுத்தினார்கள். பாய்லரில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, கடைக்காரர் விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார்.

“டீ இல்ல. ஸ்ரீபெரும்புதூர்ல ராஜீவ் காந்திய குண்டு வெச்சுக் கொன்னுட்டாங்க. வண்டிய எடுத்துட்டுப் போயிருங்க.”

ராஜீவ் விசாகப்பட்டினத்திலிருந்து மீனம்பாக்கம் வந்து இறங்கி, காங்கிரஸ் வேட்பாளர் மரகதம் சந்திரசேகருக்கு வாக்குக் கேட்கக் காரில் போயிருந்தார். இரவு பத்து மணி தாண்டி, மேடையை நோக்கி நடக்கும்போது மாலை போட வந்த பெண்ணின் இடுப்பில் வெடிகுண்டு. ராஜீவுக்கு வயது 46. காவலுக்கு நின்ற போலீஸாரும் தொண்டர்களும் அவரோடு மடிந்தார்கள். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. படம் எடுக்க வந்து அங்கேயே செத்துப்போன ஒருவரின் கேமராவில் பிலிம் கெடாமல் கிடைத்து, விடுதலைப் புலிகளை நோக்கி விசாரணை திரும்பியதெல்லாம் அதற்கும் பின்னால்.

அந்த நள்ளிரவில் ரோட்டுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. புலிகளுக்கு இடம் கொடுத்ததாகக் குற்றம் சாட்டி, திமுக ஆட்சியை ஜனவரியில்தான் கலைத்திருந்தார்கள். ‘யாரு?’ என்ற கேள்விக்குத் தெருவே ஒரு பதிலை எழுதிக்கொண்டது. கொடிக்கம்பங்கள் சாய்ந்தன. திமுக கட்சிக்காரர்களின் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன.

எங்கள் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒருவர். கறுப்பு சிவப்புக் கரை வேட்டி. டீக்கடைக்காரர் சொன்னதைக் கேட்டதிலிருந்து இரண்டு கையாலும் வேட்டியின் கரையைச் சுருட்டிச் சுருட்டித் தொடைக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார். வண்டி கிளம்பியதும் கண்டக்டர் உள்விளக்கை அணைத்தார். பையிலிருந்து தன் லுங்கியை எடுத்து ஒன்றும் பேசாமல் அவர் மடியில் போட்டார். இருட்டில் அவர் மாற்றிக்கொண்டார். அவிழ்த்த வேட்டியை எங்கே வைப்பது? ஜன்னலோரம் இருந்த பாட்டி கையை நீட்டினாள். வாங்கி, தன் பையில் முறுக்கு டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

விழுப்புரத்துக்கு முன்னால் மறித்தார்கள். ரோட்டில் டயர் எரிந்தது. நாலைந்து பேர் டார்ச்சோடு ஏறி ஒவ்வொரு முகமாக அடித்துப் பார்த்தார்கள், அப்புறம் இடுப்புக்கு இறக்கினார்கள். பாட்டி அழ ஆரம்பித்தாள். நடிப்பு இல்லை, நிஜமாகவே அழுதாள். “பெத்த மகராசி மாதிரியே புள்ளையையும் கொன்னுட்டாங்களேப்பா. எங்கள வுடுங்கடா, எழவு வூட்டுக்குப் போறவங்க நாங்க.” டார்ச் வைத்திருந்த பையன் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிவிட்டான்.

விடிந்ததும் வேட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்ட மனிதர் என்னிடம் சொன்னார்: “எனக்கும் மனசு கேக்கலைதான் தம்பி. ஆனா ராத்திரி அழறதுக்கு எனக்கு நேரமில்லாமப் போச்சு.”

உண்மையான பதில் வந்த பிறகும் ரோடு ஓயவில்லை, ஆளை மாற்றிக்கொண்டது. போரிலிருந்து தப்பி வந்த ஈழத் தமிழர்கள் வாடகைக்கு வீடு கேட்டால் கதவு அடைபட்டது. பேச்சில் யாழ்ப்பாண வாடை அடித்தாலே போலீஸ் ஸ்டேஷனில் பதிவு உண்டா என்று கேட்டார்கள்.

திறந்த முகம்

இப்போது செய்தி கைக்குள்ளேயே வருகிறது. ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு கொலை என்றாலும் போனை எடுத்துப் பார்த்தால் செத்தவரின் பெயருக்கு முன்பே கொன்றவனின் சாதி, மதம், ஊர் எல்லாம் வந்து நிற்கிறது. பாதி நேரம் அது தப்பாக இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அப்பாவின் ‘மாலூம் நஹி’ என் காதில் விழும்.

சர்தார்ஜியும் பையனும் ஒன்பது நாள் குடோனில் இருந்தார்கள். சப்பாத்தி சுட்டு எங்களுக்கும் கொடுத்தார்கள். பத்தாம் நாள் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு, மூன்று வண்டிகளுக்கு நடுவில் கிளம்பினார்கள். தார்ப்பாயைச் சர்தார்ஜி தன் கையாலேயே அவிழ்த்தார். அப்புறம் வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். அப்பா பதில் பேசாமல் நின்றார்.

என்ன சொன்னார் என்று வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். கொஞ்ச தூரம் நடந்த பிறகு அப்பா சொன்னார்:

“லாரில ரேடியோ இருக்குதாம். நான் தெரியாதுன்னு சொல்றதுக்கு முன்னாடியே அவருக்குத் தெரியுமாம்.”