நோவு இல்லாதவரை எப்படி வரவழைப்பது?

உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாத பெண்ணிடம், "கர்ப்பப்பை வாயைச் சோதித்துக்கொள்ள வாங்க" என்று சொல்வது லேசான காரியமல்ல. அன்றைய கூலி போகும். வீட்டில் கேள்வி வரும். பரிசோதனை மேசையில் படுக்கவும் கூச்சம். இத்தனையையும் தாண்டி அவரை வரவைப்பதில்தான் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பு ஜெயிக்கிறது, அல்லது தோற்கிறது.

திண்டுக்கல் காட்டிய வழி

திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்திலும், பிறகு பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையிலும் பணியாற்றியவர் மருத்துவர் ஆர். சங்கரநாராயணன். அவரது குழு 2000-ல் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. அம்பிளிக்கை சமுதாய நல மையமும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அதில் கைகோத்தன.

சோதனை எளிமையானது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலத்தை, கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். மாறுதல் அடைந்த இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். ஆய்வுக்கூடம் வேண்டாம், வாரக்கணக்கில் முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். பயிற்சி பெற்ற நர்ஸே செய்துவிடலாம். தேவைப்பட்டவர்களுக்கு, அந்த இடத்தை உறையவைத்து அழிக்கும் கிரையோதெரபியும் அதே வருகையில் கிடைத்தது.

முடிவுகள் 2007-ல் 'லான்செட்' இதழில் வெளியாயின. வழக்கமான மருத்துவ வசதி மட்டும் இருந்த பகுதிகளோடு ஒப்பிட்டால், சோதனை நடந்த பகுதிகளில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் நேர்ந்த மரணங்கள் 35 சதவீதமும் குறைந்தன. ஒவ்வொரு பெண்ணுக்கும் செய்தது ஒரே ஒரு சோதனைதான்.

வராதவர்கள்

எல்லோரும் மேற்கோள் காட்டுவது அந்த 35 சதவீதத்தை. என் கண் நிற்பது வேறு எண்ணில். சோதனைக்குத் தகுதியான 30 முதல் 59 வயதுப் பெண்கள் 49,311 பேர். வந்தவர்கள் 31,343 பேர். ஊருக்கே முகாம் வந்தும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் வரவில்லை. புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் கண்டறியப்பட்ட 1,874 பேரிலும் சிகிச்சை பெற்றவர்கள் 72 சதவீதம்தான். துண்டுப்பிரசுரம் அச்சடித்துக் கொடுத்தால் மட்டும் இந்த இடைவெளி அடையாது.

எதைச் சொல்ல வேண்டும்?

முதலில், வெள்ளைத் திட்டு என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. திண்டுக்கல்லில் பத்தில் ஒருவருக்குத் திட்டு தெரிந்தது. அவர்களில் மிகச் சிலருக்கே புற்றுநோய். சாதாரண அழற்சிகூட அப்படித் தெரியலாம். இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸ் தொற்று நீடித்துப் புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகும். இடையில் கண்டுபிடித்தால் கர்ப்பப்பையை எடுக்காமலே சரிசெய்ய முடியும். 'சோதனைக்குப் போனால் கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்கள்' என்று அஞ்சுகிறவரிடம் இதை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, சிகிச்சைக்குப் பிந்தைய நாட்கள். கிரையோதெரபிக்குப் பிறகு சில வாரங்கள் நீர்போலக் கசியும். ஒரு மாதம் உடலுறவைத் தவிர்க்க வேண்டும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் சிகிச்சை பெற்ற பெண் பயந்துபோவார். அவர் சொல்லிக் கேட்டு அக்கம்பக்கத்தாரும் அடுத்த முகாமுக்கு வரமாட்டார்கள். கணவரிடமும் பேசியாக வேண்டும். பல திட்டங்கள் கோட்டைவிடும் இடம் இதுவே என்பது என் எண்ணம்.

கூச்சத்துக்கும் வழி உண்டு

மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் சங்கரநாராயணன் தலைமையில் நடந்த ஆய்வு 2009-ல் வெளியானது. ஒரே ஒரு முறை எச்.பி.வி. சோதனை செய்த பிரிவில் மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. உலக சுகாதார நிறுவனம் இன்று முதலில் பரிந்துரைப்பதும் எச்.பி.வி. சோதனையைத்தான். அதற்கான மாதிரியைக் கூச்சமின்றிப் பெண்ணே தனியறையில் எடுத்துக் கொடுக்கலாம். 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு இந்த வைரஸுக்கு எதிரான தடுப்பூசியும் உண்டு.

முப்பது வயதைத் தாண்டிய பெண்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ச் சோதனை பற்றிக் கேளுங்கள். உடலுறவுக்குப் பிறகோ, மாதவிடாய் நின்ற பின்னரோ இரத்தம் கசிந்தால் முகாமுக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.